பிள்ளையைக் கேட்குமுன் நீங்கள் சொல்லுங்கள்

பெற்றோரே, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பள்ளியின் நிலாம் வாசிப்புத் திட்டத்துக்கான உங்கள் பிள்ளையின் பதிவை யார் எழுதுகிறார்கள்?

புத்தகத்தின் தலைப்பு, எழுதியவர், பதிப்பகம், பக்கங்கள், கதைச் சுருக்கம், படிப்பினை. இத்தனையும் பிள்ளை தானே எழுத வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை இரவு பல வீடுகளில் நடப்பதோ வேறு. பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். அம்மா நாலைந்து மெல்லிய கதைப் புத்தகங்களை மேசையில் பரப்பி, பின்னட்டையில் இருக்கிற நாலு வரியை அப்படியே பெயர்த்து எழுதிக்கொண்டிருப்பார். படிப்பினைக் கட்டத்துக்கு எப்போதும் கைவசம் ஒரு பதில் உண்டு: பெரியோர் சொல் கேட்க வேண்டும். முயல் கதைக்கும் அதே பதில், நிலவுக்குப் போன கதைக்கும் அதே பதில். முன்பெல்லாம் கையெழுத்தாவது காட்டிக்கொடுக்கும். இப்போது பதிவு இணையத்துக்குப் போய்விட்டதால் அந்தப் பயமும் விட்டது. பிள்ளையின் கடவுச்சொல் அம்மாவின் கைப்பேசியில் இருக்கிறது. அப்புறம் பள்ளியில் நற்சான்றிதழ் கொடுப்பார்கள். நாம் அதைப் படம் பிடித்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டு, பாராட்டையும் வாங்கிக்கொள்வோம்.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நாடு முழுக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த இந்த வாசிப்புத் திட்டத்தில் இரண்டு கட்டங்கள் வைத்தார்கள். ஒன்று, எத்தனை புத்தகம் படித்தாய் என்ற கணக்கு. மற்றொன்று, வாசிப்பு நண்பர் நிலை. தான் படித்ததை இன்னொருவரிடம் சொல்லி, அவரையும் படிக்க வைக்கிற பிள்ளைக்கு உரியது அது. திட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நமக்கோ முதல் கட்டம் மட்டுமே கண்ணில் பட்டது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று எண்ணிக்கைக்குப் பட்டம் கிடைக்கிறது. பேச்சுக்கு என்ன கிடைக்கும் என்று விட்டுவிட்டோம். 2021-இல் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வையே எடுத்துவிட்டார்கள். தேர்வு போயிற்று, தேர்வுப் பித்து போகவில்லை. பிள்ளை நிம்மதியாகச் செய்யக்கூடிய காரியமாக வாசிப்பு ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் புள்ளிக் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

சரி, பிள்ளையை விடுங்கள். நீங்கள் என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கேள்வியைக் கேட்டதும் முகம் சுருங்குகிறது பாருங்கள். கடை சாத்தவே இரவு பத்தாகிறது, எங்கே நேரம்? தாமான் வீட்டுக்குப் போய்ச் சேரப் பாலத்தில் நெரிசல், எங்கே நேரம்? நானும் பினாங்கு சூலியா தெருவில் கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்தான். நாணய மாற்றுக் கடையில் வாடிக்கையாளர் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் குனிந்திருக்கும் தலைகளைத் தினமும் பார்க்கிறேன். எல்லாத் தலையும் கைப்பேசிக்குத்தான் குனிந்திருக்கிறது. நேரம் இருக்கிறது. அது எங்கே போகிறது என்பதில்தான் சங்கதி.

வருமான வரிப் படிவமே நம்மைக் காட்டிக்கொடுக்கும். ஒரு காலத்தில் புத்தகம் வாங்குவதற்கென்றே ஆண்டுக்கு 1,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு தந்தார்கள். 2017 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அதைக் கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம், உடற்பயிற்சி எல்லாவற்றோடும் சேர்த்து 2,500 ரிங்கிட் வாழ்க்கைமுறைக் கழிவாக்கினார்கள். புத்தகம் இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. நாம் புதுக் கைப்பேசி ஒன்றின் ரசீதை வைத்தே மொத்தத் தொகையையும் நிரப்பிவிடுகிறோம். புத்தகக் கடை ரசீது ஒன்றையாவது உங்கள் கணக்கர் கண்டிருக்கிறாரா, கேட்டுப் பாருங்கள்.

அடுப்பே பற்றவைக்காத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏன் உனக்குப் பசிக்கவில்லை என்று பிள்ளையை அதட்டுகிறோம். இதுதான் நம் வீடுகளின் நிலை.

வேறு எந்த ஊர்க்காரரும் இப்படிச் சாக்குச் சொல்லிவிட்டுப் போகலாம். இந்தத் தெருக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. கிங் தெரு முனையில் நாகூர் தர்காவைத் தாண்டித்தானே தினமும் போகிறோம்? அந்த நாகூரிலிருந்து குலாம் காதிறு நாவலர் இங்கே வந்து, 1883-இல் ‘வித்தியா விசாரிணி’ என்ற தமிழ் இதழைப் பினாங்கில் நடத்தினார். மின்விளக்கு இல்லாத காலத்தில், சரக்கு மூட்டைகளுக்கும் கப்பல் கணக்குகளுக்கும் நடுவே தமிழில் இதழ் நடத்தவும் அதைக் காசு கொடுத்து வாங்கவும் இங்கே ஆள் இருந்தார்கள். அதற்கும் முன்பே, 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. அந்த 200 ஆண்டை 2016-இல் நாடே மேளதாளத்தோடு கொண்டாடியதே, மறந்துவிடவில்லையே? மாலை போட்டோம், மேடை போட்டோம். வீட்டில் புத்தக அலமாரி போட்டவர்கள் கை தூக்குங்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை விரித்து உரக்க வாசிக்க, கடைப்பையன்களும் மூட்டை தூக்குகிறவர்களும் சுற்றி நின்று கேட்ட தலைமுறை ஒன்று நமக்கு முன்னால் இருந்தது. தொடர்கதையில் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று அவர்கள் வழக்காடுவார்கள். 1950-இல் எழுத்தாளர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் கதை வகுப்பு நடத்தினார்கள். பத்திரிகை வழியாகவே வாசகருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். படித்தவர்கள் எழுதினார்கள், எழுதியவர்களைப் படித்தார்கள். 1924-இல் பிறந்த அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுபோனது. அன்றைக்குப் புலனத்தில் கண்ணீர்ச் செய்தி அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய மாதம் காசு கொடுத்து அதை வாங்கியவர்கள்?

கடை வேலைக்கும் வாசிப்புக்கும் ஒத்துவராது என்பவர்களுக்கு நாவலாசிரியர் ப. சிங்காரத்தைக் காட்டுகிறேன். சிங்கம்புணரியில் பிறந்தவர், 1938-இல் மேடானுக்குக் கடைப்பையனாகக் கப்பலேறினார். கடல் கடந்திருந்த அந்த ஆண்டுகளில்தான் ஹெமிங்வே போன்றவர்களைத் தேடிப் படித்தார். 1946-இல் ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு நாவல்கள் எழுதினார். 1959-இல் வந்த ‘கடலுக்கு அப்பா’லிலும் 1972-இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’யிலும் நம் பினாங்கு வருகிறது, போர்க்காலத்துப் பினாங்கு, வட்டிக்கடைகளும் கணக்குப் பிள்ளைகளும் நிறைந்த பினாங்கு. தமிழ்நாட்டிலிருந்து வரும் வாசகர்கள் அந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டும் என்று வழி கேட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நாம் அவர்களுக்கு நாசி கண்டார் கடைக்கு வழி சொல்கிறோம். அதே போல, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு, ‘வானத்து வேலிகள்’, ‘அந்திம காலம்’ என்று நாவல்கள் எழுதி, 2016-இல் மறைந்தார். இங்கேயே வாழ்ந்த மனிதர். உங்கள் பிள்ளைக்கு அவர் பெயர் தெரியுமா? அதற்கு முன், உங்களுக்குத் தெரியுமா?

படிக்காமலே பேசுவதில் மட்டும் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. 2020-இல் மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலுக்கு உள்துறை அமைச்சு தடை போட்டது. அது பெரியவர்களுக்கான நூல். தடை சரியா தவறா என்பதில் இரண்டு கட்சி இருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த பலரும் அட்டையைக்கூடப் பிரித்ததில்லை. யாரோ எடுத்து அனுப்பிய பக்கத்தின் படமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பிள்ளைகள் அதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச அதைப் படித்திருக்க வேண்டியதில்லை என்ற பாடம் நிலாம் பதிவுக்கு வெகுவாகப் பயன்படுகிறது.

புத்தகத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நம் தெருவின் மேற்குக் கோடியில், மலிவு விடுதிகள் இருக்கிற பக்கம், பழைய புத்தகம் விற்கிற கடைகளில் மிஞ்சியிருப்பது எதிலாவது நுழைந்து பாருங்கள். முதுகில் பை சுமந்து ஊர் சுற்ற வருகிறவர்கள், படித்து முடித்ததை விற்றுவிட்டு அடுத்ததை வாங்கிப் போகிற வழக்கத்தில் வளர்ந்த வியாபாரம் இது. ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன், பிரெஞ்சு, டச்சுப் புத்தகங்கள் அடுக்கி இருக்கும். அட்டையைப் புரட்டினால் உள்பக்க மூலையில் பென்சிலால் விலை. அதை அழித்து எழுதிய இன்னொரு விலை. அதற்கும் கீழே இன்னொன்று. நடுப்பக்கத்தில் யாரோ அடையாளத்துக்கு வைத்த விமானச் சீட்டின் பாதி. ஒரே புத்தகம் எத்தனை கை மாறியிருக்கிறது என்று அந்தப் பென்சில் கணக்கே சொல்லும். கடையில் முன்பின் அறியாத இருவர், இது நன்றாக இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். பேச்சு வளர்ந்து வெளியே தேநீர்க் கடைவரை போகும். நம் வாசலில் நடக்கிற இந்தப் பேச்சில் நம் பிள்ளைகள் இல்லை.

சௌராஸ்தா சந்தை மாடியிலும் நம்மவர்கள் பழைய புத்தகம் விற்கிறார்கள். அங்கே நாம் போகிறோம்தான். போய் என்ன கேட்கிறோம்? நாலாம் ஆண்டுக் கணிதப் பயிற்சி நூல் இருக்கிறதா, போன ஆண்டுக் கேள்வித்தாள் இருக்கிறதா? பிள்ளை ஒரு படக்கதையை எடுத்தால், அதை வை, வீண் காசு என்கிறோம். ஆண்டுதோறும் ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா நடக்கிறது. 2011-இல் தொடங்கி, 2018-இல் லண்டன் புத்தகக் கண்காட்சியின் விருதையும் வாங்கிவிட்டது. எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வருகிறார்கள். நமக்குக் காடி நிறுத்த இடம் கிடைக்காதாம்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளையிடம் எத்தனை புத்தகம் முடித்தாய் என்று கேட்பதை நிறுத்துங்கள். படிப்பினை என்ன என்றும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கதையின் கழுத்தை நெரிக்கிறது. அதற்குப் பதில், இரவு சாப்பாட்டின்போது உங்கள் புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள். இன்றைக்கு நான் படித்த இடத்தில் ஒருவன் கப்பலைத் தவறவிட்டுவிட்டான், கையில் காசில்லை, என்ன செய்யப் போகிறானோ தெரியவில்லை. அவ்வளவு போதும். மறுநாள் அவனுக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளையே கேட்கும். கேட்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது. நீங்கள் படித்தது உங்களுக்கு லாபம்.

படித்தது பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். நாற்பது பக்கம் ஓட்டினேன், சலித்துப்போய் மூடிவிட்டேன் என்று அப்பா சொல்லிக் கேட்ட பிள்ளை, புத்தகம் என்பது கும்பிட வேண்டிய பொருள் இல்லை என்று தெரிந்துகொள்ளும். தனக்குப் பிடிக்காததை மூடிவிட்டுப் பிடித்ததைத் தேடும். கணவனும் மனைவியும் ஒரே நாவலைப் படித்துவிட்டு, அந்தப் பெண் செய்தது சரியா என்று பிள்ளைகள் முன்னால் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். வேறு எதற்கெல்லாமோ போடுகிறோம்.

மொழிக்குக் காவல் நிற்காதீர்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ பிள்ளை சிரித்துக்கொண்டே படிக்கிறதென்றால் படிக்கட்டும். தமிழில் என்ன இருக்கிறது என்று காட்டுவது உங்கள் வேலை. சுங்கைப் பட்டாணி எழுத்தாளர் கே. பாலமுருகன் சிறுவர்களுக்கென்றே மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். ஒன்றை வாங்கி, முதல் அத்தியாயத்தை நீங்கள் உரக்க வாசியுங்கள். ஆபத்து வருகிற இடத்தில் மூடிவைத்துவிட்டு எழுந்து போங்கள். மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

நிலாம் பதிவை இன்றோடு பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். மாதத்துக்கு இருபது என்றிருந்தது இரண்டாகக் குறையும். பரிசு பக்கத்து வீட்டுக்குப் போகும். போகட்டும்; அந்த இரண்டைப் பற்றிப் பிள்ளையால் அரை மணி நேரம் பேச முடியும்.

கடைசியாக ஒன்று. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், கட்டட நிதிக்கும் விளையாட்டு நாளுக்கும் முன்னால், ஒவ்வொருவரும் எழுந்து தாம் இப்போது படிக்கிற புத்தகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். முன்வரிசையில் உட்கார்த்தி வையுங்கள். சொல்ல எதுவும் இல்லாதவர்கள், இல்லை என்று மைக்கில் சொல்லிவிட்டு உட்காரலாம். வெட்கமாக இருக்கும் என்கிறீர்களா? கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு புத்தகத்தை எடுங்கள்.