சுவை பாராமல் கிண்டும் பால்கோவா

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது சேத்தூர். அருகிலுள்ள தேவதானத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். நஞ்சு தோய்ந்த ஆடையால் நேரவிருந்த கேட்டை விலக்கியவர் என்பது அத்திருநாமத்தின் பொருள். பாண்டிய நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலமாகப் போற்றப்படுவதும் அதுவே. வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த பதி. ஆகவே சேத்தூர் வீட்டுப் பூஜை அறைகளில் சிவனும் பெருமாளும் பக்கம் பக்கமாக வீற்றிருப்பதில் வியப்பில்லை. தீபாவளி விடியலில் அங்கே வைக்கப்படும் இனிப்புகளில் பால்கோவாவுக்கு என்றும் ஓர் இடம் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் அன்றி வேறொன்றும் வேண்டாத இனிப்பு அது. விறகடுப்பின் மீது அகன்ற இரும்புச் சட்டியில் பசும்பாலைக் காய்ச்சி, இடைவிடாது கிண்டி எடுக்கும் உழைப்பே அதன் ருசி. பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் வாங்கி வந்துவிடலாம் என்ற நிலையில், வீட்டில் எதற்காகச் செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பே. நைவேத்தியம் என்று வரும்போது நம் இல்லங்களில் அதற்கு ஒரு விடை வழங்கி வருகிறது: வாங்கியது விருந்தினருக்கு ஆகும், சுவாமிக்கு வீட்டில் ஒரு கைப்பிடியாவது செய்ய வேண்டும்.

அந்தக் கைப்பிடியைச் செய்வதில்தான் ஒரு சங்கடம் இருக்கிறது. நைவேத்தியத்துக்குச் சமைப்பதை நிவேதனம் ஆகும் முன் யாரும் சுவை பார்ப்பதில்லை. குழம்பாக இருந்தால் பழகிய கை உப்பை அளந்துவிடும். ஆண்டுக்கு ஓரிரு முறை செய்யும் பால் இனிப்பில் கை அவ்வளவு பழகுவதில்லை. சர்க்கரை மிகுந்துவிட்டதா, குறைந்துவிட்டதா, பால் அடிபிடித்த வாடை ஏறிவிட்டதா என்பதெல்லாம் பிரசாதம் கைக்கு வந்த பின்னரே தெரியும்.

இங்கே சிலர் ஆண்டாளையே சான்றுக்கு அழைப்பதுண்டு. மாலையைத் தான் சூடிப் பார்த்த பிறகே பெருமாளுக்குக் கொடுத்தவள் அவள். அவள் பிறந்த மண்ணுக்கு அருகில் இருப்போர் ஒரு துளி சுவை பார்த்தால் என்ன குற்றம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிமையான வாதம்தான். ஆனால் ஆண்டாள் மாலையைச் சூடியது, பூ நன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிப்பதற்காக அன்று. அவனுக்குத் தான் ஏற்றவள்தானா என்று கண்டுகொள்ளும் ஏக்கத்தினால் சூடினாள். சோதிக்கப்பட்டது மாலையன்று, அவளே. சர்க்கரை போதுமா என்று நாவில் வைத்துப் பார்ப்பதை அந்தச் செயலோடு ஒப்பிட இயலாது. சமைப்பவருக்கு நாவுக்கு மாற்றாக இருக்க வேண்டியது அளவு. அளவு சரியாக இருந்தால் சுவை தானே அமைந்துவிடும்.

அந்த அளவுக்கு ஒரு சிறு கணக்கு உதவும். பசும்பாலில் 100-க்கு ஏறத்தாழ 87 பங்கு தண்ணீர். கொழுப்பு, புரதம், பாலின் சொந்தச் சர்க்கரை ஆகியவை சேர்ந்து எஞ்சிய 13 பங்கு. 1 லிட்டர் பால் என்பது சற்றேறக்குறைய 1,030 கிராம். அதில் திடப்பொருள் 130 கிராம் அளவே. 125 கிராம் சர்க்கரை சேர்த்து, சிறிது ஈரம் நிற்கும்படி இறக்கினால் கிடைப்பது 300 முதல் 320 கிராம் பால்கோவா. மீதமெல்லாம் ஆவியாகிப் போக வேண்டிய நீர். பால்கோவா கிண்டுவது என்பது, அடிபிடிக்க விடாமல் முக்கால் கிலோவுக்கும் மேற்பட்ட நீரை வெளியேற்றும் வேலையே. இது புரிந்துவிட்டால், பாத்திரத்தின் வாய் ஏன் அகன்றிருக்க வேண்டும் என்பதும், அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் ஏன் கெட்டுப்போகிறது என்பதும் தாமே விளங்கும்.

வீட்டு அளவுக்கு 1 லிட்டர் பால் போதும். அடிகனமான வாயகன்ற வாணலியோ வெண்கல உருளியோ எடுத்துக்கொள்ள வேண்டும். சமையல் தராசு உள்ளவர்கள் வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொள்வது நல்லது. பாலை ஊற்றிக் கொதி வரும் வரை நடுத்தரத் தீயில் வைத்து, பின் தீயைச் சற்றுத் தணித்துத் துடுப்பால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்ட வேண்டும். ஓரங்களில் படியும் ஆடையை அவ்வப்போது வழித்துப் பாலிலேயே சேர்க்க வேண்டும். பால்கோவாவின் மணல்போன்ற பதத்துக்கு அந்த ஆடையும் ஒரு காரணம்.

பால் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டியதும் 125 கிராம் சர்க்கரையைச் சேர்க்கலாம். இனிப்பு மட்டாக வேண்டுவோர்க்கு 100 கிராம் போதும். சர்க்கரை விழுந்தவுடன் கலவை மீண்டும் இளகும். புதிதாகச் செய்வோர் இங்கேதான் கலங்கித் தீயை ஏற்றிவிடுகிறார்கள். அது தேவையில்லை. சர்க்கரை கரைவதால் வரும் நெகிழ்ச்சி அது. இன்னும் 10 அல்லது 15 நிமிடத்தில் இறுகிவிடும். கலவை பாத்திரத்தின் பக்கங்களை விட்டுப் பிரிந்து துடுப்போடு திரண்டு வரும்போது இறக்கிவிட வேண்டும். ஆறும்போது அது மேலும் இறுகும் என்பதால், சற்று இளக்கமாக இருக்கும்போதே இறக்குவது உத்தமம். தராசில் வைத்தால் பாத்திரத்தின் எடை போக 300 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். தராசு இல்லாதவர்கள் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறியபின் விரலால் உருட்டிப் பார்க்கலாம். உருண்டால் பதம் வந்துவிட்டது. தொட்ட துளியைத் தனியே வைத்துவிடலாம். மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை.

துண்டு போட விரும்புவோர் இன்னும் சில நிமிடம் கூடுதலாகக் கிண்டி, நெய் தடவிய தட்டில் அரை அங்குல கனத்துக்குப் பரப்பி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கோடிட வேண்டும். முழுதும் ஆறியபின் வெட்டினால் உதிரும்.

தீபாவளியன்று எண்ணெய்ப் பலகாரங்களை உண்ணும் வயிற்றுக்காக நம் முன்னோர் லேகியத்தையும் சேர்த்தே கிண்டி வைத்தார்கள். அந்த லேகியச் சரக்கில் சிலவற்றைப் பால்கோவாவிலும் அளவோடு சேர்க்கலாம். 1 லிட்டர் பாலுக்கு 4 ஏலக்காய், கால் தேக்கரண்டிக்குக் குறைவாகச் சுக்குப்பொடி, இரண்டு விரல் நுனியில் நிற்கும் அளவு ஜாதிக்காய்ப்பொடி போதும். ஏலம் இந்தப் பகுதிக்குத் தூரத்துச் சரக்கன்று. மலைக்கு அப்பால் இடுக்கியில் விளைந்து போடிநாயக்கனூரில் ஏலம் போவது அது. கடையில் பொடியாக வாங்காமல், காயாக வாங்கி அன்றே இடித்தால் மணம் நிற்கும்.

இவற்றையெல்லாம் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தூவ வேண்டும். கொதியில் போட்டால் ஏலத்தின் மணம் ஆவியோடு போய்விடும். சுக்குக்குப் பதிலாக இஞ்சிச் சாற்றைச் சேர்க்கலாகாது. பச்சை இஞ்சிக்குப் பாலைத் திரிக்கும் இயல்பு உண்டு. வெல்லமோ கருப்பட்டியோ சேர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கொதிக்கும் பாலில் அவற்றைப் போட்டால் பால் திரியக்கூடும். பால் நன்றாகச் சுண்டித் திரண்டபின், வடிகட்டிய பாகாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. பெருமாளுக்கென்று பச்சைக் கற்பூரம் இடுவோர், உண்பதற்குரியதை மட்டும், கடுகின் பாதியளவே இட வேண்டும்.

ஒரு மணி நேரம் நிற்க இயலாத வீடுகளும் இருக்கின்றன. பண்டிகைக்கு முதல்நாள் மாலை வேலையிலிருந்து திரும்பும் பெண், முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே, "அத்தை, பால்பவுடர்ல செஞ்சா சுவாமிக்கு வைக்கலாமா?" என்று தயங்கிக் கேட்பதும், "எங்க காலத்துல அதெல்லாம் ஏதும்மா?" என்று மாமியார் விடை சொல்லாமல் விடை சொல்வதும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் பெரியதொரு பாரம் இருக்கிறது. எளிதாகச் செய்தால் பக்தி குறைந்துவிட்டதாகப் பொருள்படுமோ என்ற அச்சம் அது.

முதலில் முறையைச் சொல்லிவிடலாம். 200 மில்லி பாலில் 125 கிராம் சர்க்கரையைக் கரைத்து, 50 கிராம் நெய்யும் 250 கிராம் பால்பவுடரும் சேர்த்து, கட்டியில்லாமல் கலக்கிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். சிறுதீயில் 10 முதல் 15 நிமிடத்தில் திரண்டுவிடும். சுக்கு, ஏலம் எல்லாம் முன்சொன்னபடியே. வாங்கும்போது உறையைப் படித்துப் பார்ப்பது அவசியம். தேநீருக்கென்று விற்கும் டெய்ரி ஒயிட்னர் வகைகளில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும். அதை அறியாமல் சேர்த்தால் திகட்டும். சுவை பார்க்காமல் செய்யும் பண்டத்தில் இந்தப் பிழையைப் பாதியில் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

இனி, அந்த அச்சத்துக்கு விடை. பால்பவுடர் என்பதும் நீர் நீக்கிய பாலே. வாணலியில் ஒரு மணி நேரத்தில் நீங்கும் நீரை ஆலையில் முன்பே நீக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வாணலியில் சுண்டிய பாலின் மணம் அதற்கு வராது என்பது உண்மை. ஆனால் அது நாவின் கணக்கு. பக்தியின் கணக்கு வேறு. கீதையில் கண்ணன் தனக்குப் போதும் என்று கூறியவை இலை, பூ, கனி, நீர் என்னும் எளிய பொருள்களே. அந்தப் பட்டியலில் நெடுநேரம் அடுப்பில் நின்றால்தான் ஏற்பேன் என்ற நிபந்தனை ஏதும் இல்லை. அவன் கேட்டது, கொடுக்கும் மனத்தின் தூய்மையை. இடுப்பு வலியோடும் மனக்குறையோடும் கிண்டிய உருளிப் பால்கோவாவைவிட, கால் மணி நேரத்தில் மலர்ந்த முகத்தோடு செய்தது அவனுக்கு உகந்ததாகவே இருக்கும்.

மரபுப்படி பாலைச் சுண்டித்தான் செய்வோம் என்ற வீடுகள் அவ்வாறே செய்யட்டும். ஆனால் துடுப்பு ஒரே கையில் இருக்க வேண்டும் என்று எந்த மரபும் சொல்லவில்லை. நம் கோயில்களின் மடைப்பள்ளிகளில் பெரிய பெரிய உருளிகளைக் கிண்டுவோர் ஆண்களே. சுவாமிக்குச் சமைப்பது அங்கே ஆண்களுக்குக் கைங்கர்யம்; வீட்டுக்குள் வந்ததும் அதே பணி பெண்ணின் தனிச்சுமையாக ஏன் மாற வேண்டும்? விடுமுறைக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் மகன் 20 நிமிடம், தகப்பனார் 20 நிமிடம், பேத்தி கடைசி 10 நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் பாரமாகாது. 2 லிட்டர் வேண்டுமானால் ஒரே பாத்திரத்தில் ஊற்றாமல், இரண்டு அடுப்பில் இரண்டு வாணலி வைத்து இருவர் நின்றால் நேரமும் கூடாது.

இதற்கும் ஆண்டாளிடத்திலேயே ஆதாரம் இருக்கிறது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நாச்சியார் திருமொழியில் அவள் வாய்நேர்ந்தாள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்த நேர்த்தியை நிறைவேற்றியவர் ராமானுஜர் என்றும், அதன்பின் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்து வரவேற்றாள் என்றும் குருபரம்பரை கூறுகிறது. வேண்டிக்கொண்டது தங்கையின் உள்ளம். நிறைவேற்றியது தமையனின் கை. அதனால் பிரார்த்தனை சிறிதும் குறையவில்லை. ஓர் உறவே பிறந்தது. வீட்டில் தாயார் நேர்ந்துகொண்டதை மகன் கிண்டித் தந்தாலும் அவ்வாறே.

பிரசாதத்தைப் பங்கிடும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மேற்சொன்ன அளவில் செய்ததை 25 கிராம் வீதம் 12 துண்டாக்கினால், ஒவ்வொன்றிலும் சேர்த்த சர்க்கரை மட்டும் 10 கிராமுக்குச் சற்று மேல். பாலின் சொந்தச் சர்க்கரை இன்னும் 4 கிராம். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு இது சிறு அளவன்று. வெல்லத்தில் செய்தாலும் நிலைமை மாறாது. பிரசாதத்தை மறுக்கக் கூடாதென்று அவர்கள் கை நீட்டுவார்கள். கொடுப்பவர்தாம் அறிந்து, பட்டாணியளவு கிள்ளி வைக்க வேண்டும். பிரசாதத்துக்கு எடை இல்லை, துளியும் முழுமையே.

வீட்டில் செய்த பால்கோவா ஈரமில்லாத பாத்திரத்தில் வெளியே இரண்டு நாள் நிற்கும். குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம் வரை வைக்கலாம். எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுப்பதாயின், முழுதும் ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகிப் பூசணம் பிடிக்கும்.

தீபாவளி விடியலில் எண்ணெய் நீராட்டு முடிந்ததும், துளசி இலை ஒன்றை இட்டுச் சுவாமிக்கு நிவேதனம் செய்துவிட்டு, முதல் துண்டைக் கிண்டியவர்களுக்கே கொடுப்பது நல்ல வழக்கம். அதுவரை அவர்கள் அதைச் சுவைத்திருக்க மாட்டார்கள்.