கைப்பேசியில் தொடர்பு அறுந்தால்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு திருச்செங்கோட்டிலிருந்து வடநாடு சென்ற மகனின் குரலுக்காக இரவில் காத்திருக்கும் தாய்மார் நம் பகுதியில் அநேகர். அவ்வேளையில் கைப்பேசியின் அலைக்கோடுகள் மறைந்தால் எத்துணைக் கலக்கம்! உடனே கடைக்கு ஓடிப் பணத்தைச் செலவிட வேண்டா. குற்றம் கருவியிலா, சிம் அட்டையிலா, கோபுரத்திலா என்று முதலில் அறிவோம்.

உங்கள் சிம் அட்டையை வீட்டிலுள்ள வேறொரு கைப்பேசியில் இட்டுப் பாருங்கள். அங்கு நன்கு இயங்கினால் குற்றம் உங்கள் கருவியிலேதான். அங்கும் அறுந்தால், அதே நிறுவனத்தின் சிம் வைத்துள்ள அண்டை வீட்டாரைக் கேளுங்கள். அவர்களுக்குத் தொடர்பு இருக்குமாயின் உங்கள் அட்டையே பழுது. அதே எண்ணுக்குப் புது அட்டை பெறலாம். அவர்களுக்கும் இல்லையேல் கோபுரத்தின் குறை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை தமிழகத்தில் முடங்கியபோது, கருவியைப் பிரித்துப் பார்த்து யாது பயன்? எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதே வழியாயிற்று.

கருவியில் குறையெனில், விமான நிலையை அரை நிமிடம் இட்டு எடுங்கள். வலையமைப்புத் தேர்வு 'தானியங்கி'யில் உள்ளதா என்றும் பாருங்கள். லாரியில் வெளிமாநிலம் செல்வோர்க்கு இது மிக முக்கியம்.

கொல்லிமலை அடிவாரம் போன்ற இடங்களில் 4ஜி அலை மெலிந்து, கருவி 4ஜிக்கும் 2ஜிக்கும் இடையே அலைந்து தொடர்பை இழப்பதுண்டு. பேச்சு மட்டும் போதுமெனில் 2ஜியிலேயே நிறுத்தி வைக்கலாம். ஜியோ வைத்திருப்போர் மட்டும் இதைச் செய்யற்க. அந்நிறுவனத்துக்கு 2ஜி கிடையாது, உள்ள தொடர்பும் போய்விடும்.