குதிரைத்திறனுக்கு முன்னே கியர்

1985இல் மாருதி ஜிப்சி வந்தபோது அதன் இன்ஜின் 970 சிசி. திறன் வெறும் 45 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ ஒரு டன்தான் என்பதாலும், நான்கு சக்கர இயக்கமும் லோ ரேஞ்ச் கியரும் இருந்ததாலும் மலைப்பாதையில் அது திணறவில்லை. இன்று பழைய ஜிப்சியில் பெரிய டீசல் இன்ஜினைப் பொருத்த விரும்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சேற்றிலும் பாறையிலும் வண்டியை நகர்த்துவது சக்கரத்தைச் சேரும் முறுக்குவிசையும் டயரின் பிடிப்பும்; லோ கியர் அந்த விசையைப் பெருக்கித் தருகிறது. கூடுதல் திறனோ, அதற்காக வடிவமைக்கப்படாத கியர்பாக்ஸையும் ஆக்ஸிலையும் பிரேக்கையும் வருத்துகிறது. கனமான இன்ஜின் முன்பக்க ஸ்பிரிங்கை அழுத்தி, வண்டியின் சமநிலையையும் மாற்றிவிடுகிறது.

நெடுஞ்சாலையில் முந்த முடியவில்லை, பழைய இன்ஜின் தேய்ந்துவிட்டது என்பார்கள். நியாயமான குறைகள்தான். ஆனால் தேய்ந்ததைப் பிரித்துப் புதுப்பிக்கலாம். அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை அனுமதி பெற்று மாற்றவும் வழியுண்டு. தயாரிப்பாளரின் அசல் வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டிலும் சிக்கல் எழலாம். கையில் இருக்கும் பணத்தை முதலில் நல்ல டயருக்கும், பிரேக் பராமரிப்புக்கும், ஓட்டும் பயிற்சிக்கும் செலவிடுங்கள்.