பின்னால் வருகிறவன் கூலியில் போட்ட கையெழுத்து

விமானம் ஓட்டுகிறவனுக்குப் பென்ஷன் போனால் நமக்கென்ன? தோழர்கள் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பைலட் என்றால் கை நிறையச் சம்பளம், மடிப்புக் கலையாத சட்டை, ஊர் ஊராய் நட்சத்திர ஓட்டல். அவனெல்லாம் தொழிலாளியா, அவன் போராட்டமெல்லாம் போராட்டமா என்று தோன்றும்.

அவனுக்காக அழச் சொல்லவில்லை. அவன் எப்படித் தோற்றான் என்பதைப் படித்துக்கொள்ளச் சொல்கிறேன். அவன் இல்லாமல் விமானம் அரை அங்குலம் நகராது. அவனுக்கு வலுவான சங்கம் இருந்தது, வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. அப்படியிருந்தும் 30 வருஷம் உழைத்துச் சேர்த்த பென்ஷனை அமெரிக்க பைலட்டிடமிருந்து ஒரு கோர்ட்டு உத்தரவில் பிடுங்கிக்கொண்டார்கள். அவனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் யோசிக்க வேண்டாமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பென்ஷன் தர்மம் அல்ல, சன்மானமும் அல்ல. இன்றைக்குச் செய்த வேலைக்கு நாளைக்குத் தருகிறேன் என்று முதலாளி நிறுத்தி வைத்த கூலி. நிறுத்தி வைத்த கூலியைத் திருடுவதுதான் சுலபம். இந்த மாதச் சம்பளத்தில் கை வைத்தால் இன்றைக்கே வாசலில் கூட்டம் கூடும். 20 வருஷம் கழித்து வரவேண்டியதில் கை வைத்தால், கூட வேண்டியவன் இன்னும் வேலைக்கே வந்திருக்க மாட்டான்.

1981-க்குப் போவோம். ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதிபர் ரீகன் 48 மணி நேரம் கெடு வைத்தார். திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டுத் தூக்கினார். பைலட்டுகள் என்ன செய்தார்கள்? விமானம் ஓட்டினார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ராணுவ ஆட்களும் மேற்பார்வையாளர்களும் உட்கார்ந்திருக்க, அந்தக் குரலைக் கேட்டு ஏறினார்கள், இறங்கினார்கள். கீழே இருக்கிறவன் சண்டை நம் சண்டை இல்லை என்று நினைத்தார்கள்.

இரண்டே வருஷம். 1983-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு புதுச் சரக்கைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தது. இப்போது வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தைத் தொடமாட்டோம். இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டும் வேறு சம்பளம், மிகக் குறைந்த சம்பளம். அதன் பெயர் பி ஸ்கேல். ஒரே காக்பிட், ஒரே வானம், ஒரே ஆபத்து. ஆனால் வலது சீட்டுக்காரன் இன்னொரு சாதி. சங்கம் ஒத்துக்கொண்டது. ஏன் ஒத்துக்காது? பாதிக்கப்படுகிறவனுக்கு அந்த ஓட்டெடுப்பில் ஓட்டே கிடையாது.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1985 மே மாதம் யுனைடெட் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் இதே பி ஸ்கேலை எதிர்த்து 29 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குப் பதிலாக விமானம் ஓட்டட்டும் என்று நிறுவனம் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருந்தது சுமார் 570 புதிய பைலட்டுகளை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் கருங்காலியாக மறுத்து வெளியே நின்றார்கள். கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு நின்றவர்கள் அவர்கள். நிறுவனம் பழிவாங்கப் பார்த்தது. வழக்கு நடத்தித்தான் வேலையை மீட்டார்கள். பி ஸ்கேலை அடியோடு ஒழிக்க முடியவில்லை. ஆனாலும் அந்த 29 நாள் காட்டியது ஒன்று உண்டு: பழையவன் புதியவனுக்காக நின்றால், புதியவன் பழையவனுக்காக நிற்பான்.

அந்தப் பாடம் நிலைக்கவில்லை. 1994-இல் அதே யுனைடெட்டில், சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பங்கு தருகிறோம் என்றார்கள். கம்பெனியின் 55 சதவீதப் பங்கு தொழிலாளர்கள் பெயருக்கு வந்தது. தொழிலாளியே முதலாளி என்று பத்திரிகைகள் கொண்டாடின. 2002 டிசம்பர் 9 அன்று கம்பெனி திவால் மனு கொடுத்தது. பங்கு குப்பைக் காகிதமானது. கொடுத்த சம்பளமும் போச்சு, வாங்கிய பங்கும் போச்சு.

திவால் கோர்ட்டில் பேச்சுவார்த்தை என்பது என்ன தெரியுமா? போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் நீதிபதி கையில் கொடுத்திருக்கிறது. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, சொல்லுங்க என்ன வேணும் என்று கேட்பது போலத்தான். 2005 மே மாதம், நான்கு பென்ஷன் திட்டங்களையும் கைகழுவ நீதிபதி அனுமதித்தார். பற்றாக்குறை 980 கோடி டாலர். அரசின் பென்ஷன் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது 660 கோடி. மிச்சம் 320 கோடி யார் தலையில்? இப்போது வேலை பார்த்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று 1,20,000-க்கும் மேற்பட்டோர் தலையில்.

இதில் ஒரு கொடூரமான வேடிக்கை. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி பைலட் 60 வயதில் கட்டாயம் இறங்கியாக வேண்டும். ஆனால் காப்பீட்டு நிறுவனம் முழுத் தொகை தருவது 65 வயதுக் கணக்கில். 2005-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 65 வயதில் வருஷத்துக்கு அதிகபட்சம் சுமார் 45,600 டாலர். 60 வயதில் என்றால் சுமார் 29,600. இறங்கு என்று சொன்னதும் அரசு, ஏன் சீக்கிரம் இறங்கினாய் என்று வெட்டியதும் அரசு. வயது வரம்பை 65 ஆக்கியது 2007 டிசம்பரில்தான்.

அப்போதும் சங்கங்கள் ஒன்றாக நிற்கவில்லை. பைலட் சங்கம் 55 கோடி டாலர் மதிப்புள்ள பத்திரங்களைத் தனக்கென்று பேசி வாங்கிக்கொண்டு, பென்ஷன் ஒழிப்பை எதிர்ப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டது. உள்ளே உணவு பரிமாறும் பணியாளர்களின் சங்கம் தனியாக எதிர்த்து நின்றது. 2006 பிப்ரவரியில் கம்பெனி திவாலிலிருந்து வெளியே வந்தபோது, சுமார் 400 உயர் அதிகாரிகளுக்குப் புதிய பங்குகளில் 8 சதவீதம் வரை ஒதுக்கினார்கள். திவால் யாருக்கு என்று இப்போது புரியும்.

2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார் கேப்டன் சல்லன்பெர்கர். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடியது. அடுத்த மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு அவர் சொன்னது வேறு: தன் சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டப்பட்டது, தன் பென்ஷன் ஒழிக்கப்பட்டது, தன் பிள்ளை இந்த வேலைக்கு வரட்டும் என்று விரும்புகிற ஒரு பைலட்டைக்கூடத் தனக்குத் தெரியாது.

இது மேல்படியின் கதை. கீழ்ப்படிக்கு வருவோம். பெரிய நிறுவனங்கள் சின்ன ஊர்களுக்கான விமானங்களைக் குறைந்த கூலி நிறுவனங்களிடம் குத்தகைக்கு விட்டன. வாலில் பெரிய பெயர், உள்ளே சின்னச் சம்பளம். 2009 பிப்ரவரி 12 இரவு, கான்டினென்டல் பெயர் தாங்கி கோல்கன் ஏர் ஓட்டிய விமானம் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் செத்தார்கள். துணை விமானியாக இருந்த இளம்பெண்ணின் சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 16,000 டாலர்தான் என்று விசாரணையில் தெரியவந்தது. வேலைக்கு வர முந்தைய இரவு சியாட்டிலில் இருந்து நாட்டின் குறுக்கே பறந்து வந்திருந்தார். விபத்துக்குக் காரணம் கேப்டன் செய்த தவறு என்றுதான் விசாரணை முடித்தது. களைப்பும் இருந்திருக்கும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியவில்லை என்றது. தூக்கத்தை யார் அளப்பது? செத்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடியதால், ஓய்வு நேர விதிகள் மாறி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு. அதிலும் சரக்கு விமானம் ஓட்டுகிறவனுக்கு விலக்கு. அவனுக்குத் தூக்கம் வராதா? அங்கேயும் ஒரு படி.

இந்தப் படியில் கடைசியில் வந்து நிற்கிறவர்கள் யார் என்று பாருங்கள். கறுப்பின பைலட் மார்லன் கிரீன் ஆறு வருஷம் வழக்கு நடத்தி 1963-இல் உச்சநீதிமன்றத்தில் வென்ற பிறகுதான் பெரிய நிறுவனங்களின் கதவு அவர் மக்களுக்குத் திறந்தது. பெண்கள் உள்ளே வந்தது 1973-இல். சீனியாரிட்டிதான் எல்லாம் என்கிற தொழிலில் பட்டியலின் வால் அவர்கள். புதிதாய் வருகிறவனுக்குக் குறைந்த கூலி என்று எழுதும்போது, எந்த மக்கள் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதவும் தேவையில்லை.

நம் ஊருக்கு வருவோம். நான் வங்கி எழுத்தர். 2010 ஏப்ரல் 27 அன்று வங்கித்துறையில் ஓர் ஒப்பந்தம். முன்பு பென்ஷனைத் தேர்ந்தெடுக்காத ஊழியர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. நல்லது. அதே ஒப்பந்தத்தில், 2010 ஏப்ரல் 1 முதல் சேருகிறவர்களுக்கு அந்தப் பென்ஷன் இல்லை, சந்தையை நம்பிய புதிய திட்டம்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2004 ஜனவரி 1-இலேயே அந்தக் கோடு விழுந்தாயிற்று. ஒரே கவுண்டர், ஒரே வரிசை, ஒரே வசவு. பக்கத்து நாற்காலிக்குப் பென்ஷன், என் நாற்காலிக்குப் பங்குச் சந்தை. நான் அந்தத் தேதிக்குப் பின்னால் வந்தவன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆளும் நான்தான். கதவு திறந்த நேரத்தில் உள்ளே இருந்த பெட்டியை எடுத்துப்போய்விட்டார்கள்.

போனது திரும்பி வருமா? 2023-இல் டெல்டா, யுனைடெட் பைலட்டுகள் நான்கு வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் ஊதிய உயர்வு வாங்கினார்கள். ஆள் பற்றாக்குறை, அதனால் பேரம் பேச முடிந்தது. பழைய பென்ஷன் மட்டும் திரும்பவில்லை. 2024-இல் போயிங் தொழிலாளர்கள் 33,000 பேர் ஏழு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, இழந்த பென்ஷனைக் கேட்டார்கள். சம்பளம் உயர்ந்தது, பென்ஷன் வரவில்லை. விட்டுக்கொடுக்க ஒரு கையெழுத்து போதும். மீட்க ஒரு தலைமுறை போதவில்லை.

ஆகவே படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நாளைக்கு வேலைக்குப் போய்ச் சங்கத்தில் சந்தா கட்டும்போது, எனக்கு என்ன வாங்கித் தருவீர்கள் என்று கேட்காதீர்கள். எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தேதி போட்டு ஆளைப் பிரிக்கிற எந்த ஒப்பந்தத்துக்கும் கை தூக்காதீர்கள். காண்ட்ராக்ட் ஆளும், கூட்டிப் பெருக்குகிறவரும், நாளைக்குச் சேரப்போகிறவரும் இல்லாத மேசையில் பேசுவது பேச்சுவார்த்தை இல்லை, பங்கு பிரிப்பு. அதில் நம் பங்கு என்ன என்பதை 1981-இல் விமானம் ஓட்டிய பைலட்டைக் கேட்டால் சொல்வான்.