நெல்லிலையைப் பிணைக்கும் புழுவும் வீண் அச்சமும்

மட்டம் வெடிக்கும் பருவத்தில் ஓரம் அரிபட்ட இலைகள் சிலவற்றைக் கண்டவுடனே தெளிகருவியைத் தோளிலேற்றும் கமக்காரர் உளர். இது வீண்செலவு, அதனினும் தீயது.

இலையோரங்களை நூலாற் பிணைத்துக் குழலாக்கிப் பகலில் அதனுள் மறைந்திருந்து, இரவில் நடுநரம்பு வரை தின்னும் பச்சைப் புழு, துள்ளிப் பறக்கும் சிறு கபிலநிற வண்ணத்துப்பூச்சியின் குஞ்சாகும். மடிச்சுக்கட்டிப் புழுவோ மடிப்புக்குள்ளிருந்தே பச்சையத்தைச் சுரண்டி வெண்கோடுகளை விடும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இவ்வண்ணத்துப்பூச்சி முட்டைகளைத் தனித்தனியாகவே இடும். அவற்றுட் பலவற்றைச் சிறு குளவிகள் அழித்துவிடும். இளம்பயிரும் இழந்த இலைக்கு ஈடாகப் புதிய இலைகளை விடும். ஆகவே விளைச்சல் குறையுமளவுக்கு இப்புழு பெருகுதல் அரிது.

அதற்கஞ்சி நஞ்சு தெளிப்பின், புழுவுடன் சிலந்திகளும் குளவிகளும் மடியும். காவலிழந்த வயலில் கபிலநிறத் தத்தி, அதாவது அறக்கொட்டி, தடையின்றிப் பெருகும். இந்தோனேசியா இதனைப் பெருநட்டத்தின் பின்னரே உணர்ந்து, 1986 ஆம் ஆண்டில் 57 பூச்சிநாசினிகளை நெல்வயலில் உபயோகிப்பதைத் தடைசெய்தது. அவ்வளவு விலை கொடுத்து இங்கும் அப்பாடத்தைக் கற்க வேண்டியதில்லை.

புழு மிகுந்த வரம்போரங்களில் குழல்களைக் கையால் நசுக்கிவிடுதல் போதுமானது.