அடியாத மாடும் ஓடுகிற குதிரையும்

நவம்பர் முதல் செவ்வாய் வந்தால் மெல்பர்னில் லீவு. சிட்னியில் லீவு இல்லை, ஆனா மூணு மணிக்கு ஆபீஸில் பாதிப் பேர் டிவி முன்னாலதான் நிற்பாங்க. ஃபிளமிங்டனில் 1861 முதல் ஓடும் மெல்பர்ன் கப்: 3200 மீட்டர், மூணு நிமிஷம் சொச்சம். கூட உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வி ஒண்ணு: "ஏன் குதிரையை அடிக்கிறாங்க? வலிக்காதா?"

"குதிரைத் தோல் தடிமன்மா, வலிக்காது" என்று சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாகவே எடுத்துச் செய்தவர்கள் நம்ம ஊர்க்காரங்க.

கால்நடை நோயியல் நிபுணர் லிடியா டாங்கும் குழுவும் 2020-ல் குதிரையின் பின்பக்கத் தோலையும் மனிதத் தோலையும் மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டார்கள். குதிரைக்கு உள்தோல் தடிமன்தான். ஆனால் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பது மேல்தோலில். அதன் தடிமனிலும் சரி, நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் சரி, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

சரி, அடிச்சா வேகமாவது கூடுதா? சிட்னி பல்கலைக்கழகத்தின் டேவிட் எவன்ஸும் பால் மக்ரீவியும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 5 பந்தயங்கள், 48 குதிரைகள். குதிரைகள் அதிக வேகத்தில் ஓடியது, சாட்டை எடுக்காத 600 முதல் 400 மீட்டர் வரையிலான பகுதியில். அடி அதிகம் விழுந்தது கடைசி 400 மீட்டரில், அவை களைத்துப்போன பிறகு. அடி கூடினதால வேகம் கூடவில்லை. பிரிட்டனில் சாட்டையோடும் சாட்டையில்லாமலும் நடந்த 126 பந்தயங்களை மக்ரீவியின் குழு பின்னர் ஒப்பிட்டது. நாங்க சாஃப்ட்வேரில் ஏ/பி டெஸ்ட் என்று சொல்றோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. நேரத்திலும் பாதுகாப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. நார்வே 1982-லேயே சாட்டையடியைத் தடை செய்துவிட்டது.

இதில் என்னை யோசிக்க வைத்தது குதிரை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான். கடிவாளத்தை லேசாக இழுக்கிறோம், குதிரை நிற்கிறது, உடனே தளர்த்துகிறோம். பாடம் இழுத்ததில் இல்லை, தளர்த்தியதில் இருக்கிறது. சொன்னதைச் செய்த பிறகும் அழுத்தம் விடாவிட்டால், என்ன செய்தால் விடுவார்கள் என்று குதிரைக்குப் புரியாது. குழப்பமும் மன அழுத்தமும்தான் மிச்சம். முழு மூச்சில் ஓடுகிற குதிரையை அடிப்பது அதுதானே?

"அடியாத மாடு படியாது" என்று கேட்டு வளர்ந்தவங்க நாம. கையை ஓங்குவதை நம்மில் பலர் விட்டாச்சு. ஆனா செலக்டிவ் பரீட்சைக்கு முந்தின மாசம், பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி டெர்ம்... களைச்சுப்போன பிள்ளையிடம் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறோமே, அங்கே எப்போ தளர்த்தினோம்? குதிரையும் பிள்ளையும் ஒண்ணு இல்லைதான். கேள்வி மட்டும் பொருந்துது.

அடுத்த முறை பிள்ளையைக் குதிரையேற்றத்துக்குக் கூட்டிட்டுப் போனா, ஏறுவதற்கு முன்னால் சேர்ந்து பாருங்க. காது பின்னால் ஒட்டியிருக்கா? வாலைச் சுழற்றிச் சுழற்றி அடிக்குதா? மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே பெரியவர் விரல் இரண்டு நுழையுதா? நுழையலைன்னா தளர்த்தச் சொல்லிக் கேளுங்க. "வலிக்காதா?" என்று கேட்ட பிள்ளைக்கு அதைவிட நேர்மையான பதில் இல்லை.