டிக்கெட் இல்லாத கேலரி

பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் லெ பூர் துவாசான் என்றொரு சிற்றூர். ஊர் எல்லையைத் தாண்டியதுமே சாலை செங்குத்தாக ஏறத் தொடங்கிவிடும். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இந்த வழியாகப் போகும் நாளில், வீரர்கள் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே சைக்கிள்கள் வரிசை கட்டி மேலே ஊர்ந்துகொண்டிருக்கும். மிதிப்பவர்கள் வீரர்கள் அல்ல. பந்தயம் பார்க்கப் போகிறவர்கள். முதுகுப்பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். ஜெர்சியை முட்டிக்கொண்டு ஒரு தொப்பை. இருக்கிற கியர் எல்லாம் முதல் கிலோமீட்டரிலேயே தீர்ந்துபோயிருக்கும். இன்னும் ஒன்று மிச்சம் இருக்காதா என்று விரல் மட்டும் வீணாகத் தட்டிப் பார்க்கும்.

ஆல்ப் துவேஸ் ஏற்றம் என்பது இதுதான். நீளம் 13.8 கி.மீ. சராசரியாக 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயர்கிறது. முதல் இரண்டு கிலோமீட்டரில் 100-க்கு 10 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 21. அடியில் இருக்கும் வளைவுக்கு 21 என்று எண்; மேலே போகப் போகக் குறைந்து 1-ல் முடியும். அது ஆறுதலா, வதையா என்பது மிதிப்பவர் எத்தனையாவது வளைவில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பந்தயம் பல நாள் சுற்றுகளாக நடக்கும்; ஒவ்வொரு வளைவின் பலகையிலும் இங்கே முடிந்த ஒரு சுற்றை வென்றவரின் பெயர். 1952-ல் முதலில் வென்றவர் இத்தாலியின் பவுஸ்டோ கோப்பி. வளைவுகளைவிட வெற்றிகள் அதிகமாகிவிட்டதால், சில பலகைகளில் இப்போது இரண்டு பெயர்கள்.

இத்தனை பெரிய பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்க்கக் காசு கிடையாது. இதை 1903-ல் தொடங்கியது லோட்டோ என்ற பத்திரிகை, விற்பனையைக் கூட்டத்தான். அவர்களுக்கு விற்க வேண்டியிருந்தது தாள், இருக்கை அல்ல. 1930 முதல் பந்தயத்துக்கு முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலமும் வருகிறது. வண்டியிலிருந்து வீசும் நாலணா பெறாத தொப்பிக்குப் பாட்டியும் பேரனும் ஒன்றாகத்தான் பாய்வார்கள்.

பந்தயத்துக்குப் பல மணி நேரம் முன்பே சாலையைக் கார்களுக்கு மூடிவிடுவதால், அன்று வருகிறவருக்கு மிதிப்பதோ நடப்பதோதான் வழி. இது தொல்லை அல்ல, வரம். டிவி திரையில் மலை தட்டையாகிவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் மூச்சிரைத்து மேலே வந்து உட்கார்ந்தவருக்கு, அதே சரிவை முன்னணி வீரர்கள் சுமார் 40 நிமிடத்தில் முடிப்பது தொடைத் தசையில் புரியும். அதுவும் பெரும்பாலும், வேறு பெரிய மலைகளை அன்று ஏறி இறங்கிய பிறகு. சமவெளியில் நின்றால் மொத்தக் கூட்டமும் ஒரு காற்று வீச்சாகக் கடந்துவிடும். இங்கே வேகம் மணிக்கு 20 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடுவதால் முகம் தெரியும், உதட்டோரம் காய்ந்த உப்பு தெரியும். வெகுநேரம் கழித்து, நேர வரம்புக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று ஸ்பிரிண்ட் வீரர்கள் ஒரு கும்பலாக வருவார்கள். அந்தக் கும்பலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘பஸ்’. எல்லாருக்கும் கடைசியில், விலகியவர்களை அள்ளிக்கொண்டு போகும் ‘துடைப்ப வண்டி’.

இந்த நெருக்கத்துக்கு விலை உண்டு. 1999-ல் வெற்றிக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்த ஜுசெப்பே குவெரினியைப் படமெடுக்கக் குறுக்கே வந்த ரசிகர் ஒருவர் கீழே தள்ளிவிட்டார்; குவெரினி எழுந்து ஓட்டி வென்றது அவருடைய கெட்டிக்காரத்தனம். 2018-ல் வின்சென்சோ நிபாலிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ரசிகரின் கேமரா வார் சிக்கி விழுந்தவர், முதுகெலும்பில் முறிவோடு மலையை ஏறி முடித்துவிட்டுப் பந்தயத்திலிருந்து விலகினார். 2014-ல் பட்டம் வென்றவர் அவர். இப்படி ஒவ்வொன்று நடக்கும்போதும் வேலி போடலாம், டிக்கெட் வைக்கலாம் என்ற பேச்சு கிளம்புகிறது.

டிக்கெட் வைத்தால் காசுள்ளவர் வருவார். பொறுப்புள்ளவர் வருவார் என்பதற்கு என்ன உறுதி? மிதித்து வந்தவர் எல்லாரும் உத்தமர் என்பதல்ல வாதம். ஆனால் அந்தச் சரிவில் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் தள்ளாடியவருக்கு, ஒரு சாண் இடம் குறைந்தால் சைக்கிள் என்ன ஆகும் என்று தெரியும். கட்டுப்படுத்த வேண்டியது பல நாள் முன்பே மலையில் இடம்பிடிக்கும் வேன்களையும், வீரர்களின் தொண்டையை அடைக்கும் புகைக்குச்சிகளையும்தான். ஏழாம் வளைவு நெதர்லாந்து ரசிகர்களின் கோட்டை. 1976 முதல் 1989 வரை இங்கே முடிந்த 13 சுற்றுகளில் 8 அவர்கள் நாட்டுக்கு. அங்கே ஆரஞ்சு சட்டைக் கூட்டத்தின் கூச்சல் இருக்கட்டும். கூச்சல் யாரையும் கீழே தள்ளியதில்லை.

2024 ஆகஸ்ட் 18-ல் பெண்களுக்கான டூர் இதே மலையில்தான் முடிந்தது. அன்றைய சுற்றை வென்றவர் நெதர்லாந்தின் டெமி வொல்லரிங். பட்டம் போலந்தின் காசியா நியவியாடோமாவுக்கு. மொத்த நேரத்தில் இருவருக்கும் இடைவெளி 4 நொடி. ஆண்கள் டூரில் இதுவரை மிகக் குறைந்தது 1989-ன் 8 நொடி. நாலு நொடியில் பட்டம் கைமாறும் சாலையில், ஒரு ரசிகர் ஓரடி முன்னால் வந்தால் என்ன ஆகியிருக்கும்?

போக நினைப்பவர்கள் சைக்கிளிலேயே போங்கள். வீரர்கள் வரும்போது செல்போன் பைக்குள் இருக்கட்டும். துடைப்ப வண்டி கடக்கும்வரை சாலையில் இறங்காதீர்கள். ஒரு மெல்லிய மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நனைந்த சட்டை, இறங்கும்போது குளிரும்.